வேல்ஸ் சாரும் ஒரு மாட்டு வீடும்

போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் மூன்று மாடுகளை விழுங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆலங்குடியைத் தாண்டி உள்ளே போனால், கடலைக் கொல்லைக்கு நடுவில் ஒரு பழைய விவசாயி வீடு இருக்கிறது. அதை அளப்பதற்கு இரண்டு இளம் இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். முக்காலி மேல் ஒரு பெட்டியை வைத்தார்கள். அது தலையைச் சுற்றிச் சுற்றி லேசர் அடித்தது. இவர்கள் வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்தார்கள். டீ தீர்வதற்குள் வீடு முழுசாகத் திரைக்குள் போய்விட்டது. அடேயப்பா! அந்த வீட்டை அந்தக் காலத்தில் நாங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து அளந்ததில் என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். திரையில் சுவர் இருந்தது, விட்டம் இருந்தது, ஓட்டின் ஒவ்வொரு வரிசையும் இருந்தது. மாடுகளைத்தான் காணோம்.

"மாடு எங்க தம்பி?" என்றேன்.

"அது நாய்ஸ் சார். அசையுற எதையும் சாப்ட்வேரே தூக்கிரும். பில்டிங் மட்டும் கிளீனா வரும்."

மாட்டுக்காகவே கட்டிய வீடு அது. அந்த வீட்டில் மாடு தூசி, சுவர்தான் சங்கதி என்று ஒரு மிஷின் முடிவு செய்கிறது, படித்த இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் நல்ல பையன்கள். என் பழைய வரைபடத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, தேடிப் பிடித்துக் கூட்டிவந்தவர்கள். "சார், அந்தக் காலத்து அனுபவத்தை எங்க சங்க மலருக்கு எழுதிக் குடுங்க, ஜூனியர்ஸுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்றார்கள். யூஸ்ஃபுல்லாக என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு மேலதிகாரி இருக்கிறார், ஒரு வீடு இருக்கிறது. எழுதுகிறேன்.

ஆவூரில் பிறந்தவன் நான். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்ததால் கட்டடக் கலையில் ஈடுபாடு வந்தது என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். சுத்தப் பொய். திருச்சி ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் பிரிவில் ஒரு சீட் காலி என்று தாய்மாமன் சொன்னார், போனேன். ஃபிட்டர் சீட் காலியாக இருந்திருந்தால் ஃபிட்டர் ஆகியிருப்பேன். படித்தேன், காத்திருந்தேன், புதுக்கோட்டையில், அரசாங்கக் கட்டடப் பிரிவில் வேலை கிடைத்தது. முதல் சில வருஷம் கக்கூஸ் வரைந்தேன். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ், ஆஸ்பத்திரிக் கக்கூஸ், தாலுகா ஆபீஸ் கக்கூஸ். இந்த மாவட்டம் அந்த விஷயத்தில் எனக்குக் கடன்பட்டிருக்கிறது. பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

பிறகு தெய்வநாயகம் சார் வந்தார். உதவி செயற்பொறியாளர். கெட்ட மனிதர் இல்லை. லஞ்சம் தொடமாட்டார், கத்தமாட்டார், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். வெந்நீர் தவிர வேறொன்றும் குடிக்கமாட்டார். இரண்டு முனையும் சீவிய சிவப்புப் பென்சில் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் பார்க்கமாட்டார். தாளை முகர்வார். பிறகு தள்ளிப் பிடித்து ஒரு பார்வை, கிட்டத்தில் வைத்து ஒரு பார்வை. சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு கோடு. "பரவாயில்ல, மறுபடி போடுங்க" என்பார். அந்தப் "பரவாயில்ல"வில் எத்தனை பேருடைய ஞாயிற்றுக்கிழமை செத்திருக்கிறது தெரியுமா?

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரும் மற்ற அதிகாரிகளைப் போல ஒருத்தர். அரசாங்கம் அவரை, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பயிற்சி என்று சொல்லி, சில வாரம் சீமைக்கு அனுப்பிவைத்தது. நல்லா வந்தது வினை. பயிற்சியின் கடைசியில் ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றி வேல்ஸ் என்கிற நாட்டுக்குக் கூட்டிப் போய், ஒரு பழைய பண்ணை வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். மனுஷன் அங்கேயே தங்கிவிட்டார். புதுக்கோட்டைக்குத் திரும்பி வந்தது அவருடைய உடம்பு மட்டும்தான்.

அந்த ஊர்ப் பெயரை அவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். தொண்டையில் முள் சிக்கியது போல ஒரு சத்தம் வரும், அதுதான் ஊர். வீட்டைப் பற்றி மட்டும் மாற்றிச் சொல்லமாட்டார். ஆபீஸில் ஆயுத பூஜையா, வழியனுப்பு விழாவா, கரண்ட் இருந்தால் போதும், சுவரில் படத்தைப் போட்டுவிடுவார். நீளமான கல் வீடு, லாங்ஹவுஸ் என்று பெயர். மலைச் சரிவில் மேட்டுப் பக்கம் மனிதர்கள், பள்ளத்துப் பக்கம் மாடுகள், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் வீட்டைக் குறுக்கே கடக்கும் ஒரு நடை. வளைந்த ஓக் மரத்தை இரண்டாகப் பிளந்து, கும்பிடுகிற கைகளைப் போல ஜோடி ஜோடியாகத் தரையிலிருந்து நிறுத்தி, அதன் மேல் கூரை. ஓட்டுக்குப் பதில் தகடு தகடாக உடைத்த கல். மாட்டின் உடம்புச் சூடு மனிதனுக்குக் குளிர் காக்குமாம். மூத்திரம் சரிவில் தானாக ஓடிவிடுமாம்.

"பாருங்க," என்பார் குரல் தழுதழுக்க. "மனுஷனும் மாடும் ஒரே கூரைக்குக் கீழ! என்ன ஒரு நாகரிகம்!"

நாங்களும் பார்ப்போம். எங்களில் பாதிப் பேர் மாட்டுக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவர்கள். அதற்கு நாகரிகம் என்று பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. "வேல்ஸ் சார்" என்று பெயர் வைத்தோம். அது அவருக்கும் தெரியும். கேட்டால் சந்தோஷப்படுவார் போலிருந்தது.

இந்த நிலைமையில்தான் ஆலங்குடி மனு வந்தது. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் முத்துக்கருப்பன் என்பவர் கொடுத்த மனு. எங்கள் பூர்வீக வீடு இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, உள்ளே என் அண்ணன் மனைவி பிடிவாதமாகக் குடியிருக்கிறார், உயிருக்கு ஆபத்து, உடனே இடிக்க உத்தரவிட வேண்டும். மதினியின் உயிர் மீது கொழுந்தனுக்கு இவ்வளவு அக்கறையா என்று மனசு குளிர்ந்துபோகும், விஷயம் தெரியாதவனுக்கு. முத்துக்கருப்பன் சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு வந்தவர். அந்த மனையில் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. அண்ணன் செத்துப்போயிருந்தார். அண்ணன் மனைவி சிந்தாமணி, கல்யாண வயதில் இரண்டு பெண்கள், மூன்று மாடுகள். இந்த வீட்டை விட்டால் அந்தம்மாவுக்குப் போக இடம் இல்லை. கட்டடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

போய் இறங்கினோம். வெள்ளைத் தொப்பி, குடை, வெந்நீர் ஃபிளாஸ்க் சகிதம் வேல்ஸ் சார் நடந்து போய், வீட்டைப் பார்த்து நின்றவர் நின்றவர்தான்.

நீளமான ஒற்றை வீடு. செம்புராங்கல் சுவர், ஒரு முழத்துக்குக் குறையாத கனம். மேலே நாட்டு ஓடு, அதைத் தாங்கும் பனங்கை. குளத்தைப் பார்த்து லேசாகச் சரிகிற மனை. மேட்டுப் பக்கம் கூடம், இரண்டு அறை, அடுப்படி. பள்ளத்துப் பக்கம் மாட்டுக் கட்டுத்தறி, மூத்திரம் ஓடி எருக்குழியில் விழ ஒரு கல் வாய்க்கால். நடுவில் குறுக்கே ஒரு நடை. நடையின் மாட்டுப் பக்கத்தில் இடுப்புயரச் சுவர், அதை ஒட்டித் தீவனக் காடி. மாடுகள் நடையைப் பார்த்தபடி நிற்கும். நடையில் நின்றுகொண்டே வைக்கோல் போடலாம். மொத்த வீட்டுக்கும் ஒரே வாசல், அதுவும் நடையில்தான். மாட்டைக் களவு கொடுத்து நொந்துபோன ஒரு பாட்டன் கட்டிய வீடு. வாசலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு அவர் படுத்துக்கொண்டால், அவரை மிதிக்காமல் ஒரு கன்றுக்குட்டிகூட வெளியே போக முடியாது. மற்ற சுவர்களில் இருப்பதெல்லாம் தலை நுழையாத சன்னல்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் சுவரில் போட்டுக் காட்டும் அதே வீடு! ஓடு வேறு, மரம் வேறு, மாட்டுக்குத் திமில் உண்டு, அவ்வளவுதான். சார் இப்போது அழப்போகிறார் என்று பார்த்தேன்.

"ச்சே," என்றார் சார். "மனுஷனும் மாடும் ஒரே கூரைக்குக் கீழ. ஹைஜீன்னு ஒண்ணு வேண்டாமா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சார், இதைத்தானே நீங்க வேல்ஸ்ல பாத்தீங்க?"

"அது லாங்ஹவுஸ்," என்றார், என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்து. "இது மாட்டுக் கொட்டகை."

சிந்தாமணி வாசலில் நின்றிருந்தார். நாற்பதுக்கு மேல் வயது, வெயிலில் காய்ந்த உடம்பு, கையில் தவிட்டு வாளி. "ஏன் சாரு வெளியிலயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. மாடு ஒண்ணும் செய்யாது, கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்கி வாங்க" என்றார். மோர் கொண்டுவந்தார். சார் வெந்நீர் குடித்தார். அவர் பங்கு மோரையும் நான் குடித்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை என்று இறங்கிவிட்டால் அந்த மனுஷனைக் குறை சொல்ல முடியாது. விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்பார். விட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் கத்தி முனையால் குத்திப் பார்ப்பார், மரம் உளுத்துப்போவது அங்கேதான் ஆரம்பிக்கும். அறையை நாலு பக்கமும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்கச் சொல்வார். குறுக்களவு எடுக்காமல் வரைந்தால் கோணல் வீடு தாளில் சதுரமாகிவிடும். "கட்டடம் கோணலா இருக்கலாம், படம் கோணலை மறைக்கக் கூடாது" என்பார். எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவர் கொடுத்தது. மீதிப் பாதி அவரிடமிருந்து தப்பிக்கக் கற்றது.

மனுவில் சொன்ன விரிசல் கூடத்துச் சுவரில் இருந்தது. பெரிய விரிசல்தான். ஆனால் பழசா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டிவிட வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி விண்டுபோகும். நகராவிட்டால் அப்படியே இருக்கும். ஒட்டிவிட்டு வந்தோம். சில வாரம் கழித்துப் போனால், எங்களுக்கு முன்னால் முத்துக்கருப்பன் அங்கே நிற்கிறார், வெள்ளை வேட்டி, வாசனைத் தைலம்.

"பாத்தீங்களா சார், கண்ணாடி ஒடஞ்சு போச்சு! நான் சொன்னேன்ல? வீடு நகருது சார்!"

சார் தரையில் உட்கார்ந்தார். கீழே கிடந்த சில்லுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுவரில் ஒட்டிய சாந்தைப் பார்த்தார். "சுவர் நகந்தா கண்ணாடி ரெண்டா விண்டிருக்கும்," என்றார் சாந்தமாக. "இது நொறுங்கியிருக்கு. சுவர் நகரலை. கம்புதான் நகந்திருக்கு."

முத்துக்கருப்பனின் முகம் போன போக்கு! சிந்தாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

இத்தோடு சார் என் மனசில் ஏறிவிட்டார். ஆபீஸுக்கு வந்ததும் இறங்கிவிட்டார்.

வரைபடம் போட்டேன். மனிதர் புழங்கும் பகுதிக்கு மஞ்சள், மாட்டுப் பகுதிக்குப் பழுப்பு, நடுவில் நடையை வெள்ளையாக விட்டேன். மனிதரும் அதில்தான் நடக்கிறார்கள், மாடும் அதில்தான் நடக்கிறது. யார் பக்கமும் சேராது. அறிவுள்ள எவனும் அப்படித்தான் போடுவான்.

சார் தாளை முகர்ந்தார். தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலும். அளவுக்கோலோடு, தூய்மையாக, மாட்டு வாடை இல்லாமல், தாளில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னங்க இது! இது லாங்ஹவுஸ்!"

"ஆமா சார். ஆலங்குடி லாங்ஹவுஸ்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

நான் வாயைத் திறக்கவில்லை. பென்ஷன் என்று ஒன்று இருக்கிறதே. அவர் தாளை மேசை மேல் விரித்து, பீரோவிலிருந்து வேல்ஸ் புத்தகங்களை எடுத்து அடுக்கி, ஒரு முழு மத்தியானம் இரண்டையும் ஒப்பிட்டார். கடைசியில் சிவப்புப் பென்சில் வந்தது. நடையின் மேல் ஒரே கோடு.

"இது வெள்ளையா இருக்கக் கூடாது. இது தீவன நடை. நடையில நின்னுதான மாட்டுக்குத் தீவனம் போடுறாங்க? அப்ப இது தொழுவத்தோட சேர்ந்தது. வேல்ஸ்ல இதைப் பத்தி அறிஞர்கள் மத்தியில பெரிய விவாதமே இருக்கு."

"சார், வீட்டுக்காரங்களும் அது வழியாத்தான..."

"பரவாயில்ல," என்றார். "மறுபடி போடுங்க. பழுப்பு."

வேல்ஸில் யாரோ இரண்டு வாத்தியார்கள் சண்டை போட்டதற்கு ஆலங்குடியில் நான் கலர் மாற்றினேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெயிண்டை இரண்டு பூச்சு சேர்த்தே பூசினேன். அறிக்கையும் போயிற்று. கட்டடம் திடமாக இருக்கிறது, இடிக்கத் தேவையில்லை. சுவர்தான் பாரம் தாங்குவதால் எந்தச் சுவரிலும் புதிதாகத் திறப்பு வைக்கக் கூடாது. வீடு இரண்டு பகுதி கொண்டது: குடியிருப்புப் பகுதி, தீவன நடையும் வாசலும் சேர்ந்த மாட்டுத் தொழுவப் பகுதி.

அறிக்கையின் நகல் இரண்டு தரப்புக்கும் கிடைத்தது. ஒரு நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது சிந்தாமணி என்னைக் கூப்பிட்டு வரைபடத்தை விரித்துக் காட்டச் சொன்னார். கூடம், அறை, அடுப்படி என்று விரல் வைத்துக் காட்டினேன். பாதிக் கவனம்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்:

"இந்த நடைய எந்தப் பக்கம் சேத்து எழுதியிருக்கீங்க சாரு?"

"மாட்டுப் பக்கம்மா. எங்க சார் ஒரு மாதிரி. நீங்க அத மனசுல வச்சுக்காதீங்க."

"சரிங்க," என்றார். "மோரு குடிக்கிறீங்களா?"

இடிக்கிற வழி அடைபட்டதும் முத்துக்கருப்பன் பாகம் கேட்டார். வயல்கள் அவர்கள் அப்பா காலத்திலேயே பிரிந்துவிட்டவை. வீட்டைச் சுற்றியிருக்கும் கொல்லை, தார் ரோடு வரைக்கும், அண்ணன் பங்கு. குளத்துப் பக்கம் தம்பி பங்கு. வீடு மட்டும்தான் பொதுவில் கிடந்தது. பெரியவர்கள் கூடினார்கள். ஆபீஸ் படத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எல்லாருக்கும் காபி.

அந்தக் குடும்பங்களில் பாகத்துக்கு ஒரு முறை உண்டு. மூத்த வீடு பங்கு பிரிக்கும், இளைய வீடு முதலில் எடுக்கும். பிரிக்கிறவர் ஏமாற்ற நினைத்தால் நல்ல பங்கு எதிராளிக்குப் போய்விடும், அதனால் யாரும் ஏமாற்ற மாட்டார்கள். அண்ணன் இல்லாததால் பிரிக்கும் பொறுப்பு சிந்தாமணிக்கு. கூடத்தை நடுவில் கிழிப்பாரா, ஆளுக்கு ஓர் அறை என்பாரா என்று எல்லாரும் காத்திருந்தோம்.

"இந்த ஆபீசு படத்துல ரெண்டு கலரு இருக்கு," என்றார் சிந்தாமணி. "அரசாங்கமே பிரிச்சுக் குடுத்துருச்சு. வீட்டுக் கலரு ஒரு பங்கு, மாட்டுக் கலரு ஒரு பங்கு. கொழுந்தனாரு எது வேணுமோ எடுத்துக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடம், அடுப்படி, தேக்குத் தூண், எல்லாம் ஒரு பக்கம். சாணமும் மூத்திரமும் ஒரு பக்கம். இந்தம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா? ஒரு பெரியவர் பதறிப்போய், "ஏத்தா, நல்லா யோசிச்சுச் சொல்லு. வயசுப் பிள்ளைகள வச்சுக்கிட்டு மாட்டுக்குள்ளயா கெடப்ப?" என்றார்.

"யோசிச்சாச்சு சித்தப்பா. இனி எடுக்க வேண்டியது அவுக."

முத்துக்கருப்பன் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார். மதினி மேல் இரக்கப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, அவுக விருப்பம். நான் வீட்டுக் கலரையே எடுத்துக்குறேன்" என்றார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரமும் பதிவாயிற்று. நான் சைக்கிளில் திரும்பும்போது அந்தம்மா நினைப்பாகவே இருந்தது. எங்கள் சாரின் சிவப்புப் பென்சிலை ஒடித்து எருக்குழியில் போட வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த வாரமே முத்துக்கருப்பன் தன் பாதியைப் பிரித்தெடுக்க ஆட்களோடு வந்தார். முதலில் தூண்களைக் கழற்றி ஏற்றுவதாகத் திட்டம், வெளியே லாரி. சிந்தாமணி நடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். வாசலில் பாதிக்கதவு சாத்தியிருந்தது.

"மதினி, கொஞ்சம் வழி விடுங்க. ஆளு உள்ள போகணும்."

"எந்த வழி கொழுந்தனாரே?"

"இந்த வழிதான்!"

"இது எம் பங்குல்ல? மாட்டுக் கலரு. படத்துல பாருங்க."

படம் வந்தது. ஆலங்குடியில் வேறு வேலையாக இருந்த என்னை மோட்டார் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரே குனிந்து பார்த்தது. பழுப்பு! நான் ஆத்திரத்தில் இரண்டு பூச்சுப் பூசிய பழுப்பு, வாசற்படியையும் சேர்த்து மூடிக்கொண்டு பளபளவென்று இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த நடையில் போய் வந்தவர் முத்துக்கருப்பன். அது தன் காலுக்குக் கீழேயே கிடந்ததால் கண்ணில் படவில்லை. ஓர் ஆள் வீடு வாங்கலாம், மண்டபம் கட்டலாம், சிங்கப்பூர் போகலாம். வாசல் இல்லாத வீட்டை ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"சுவத்த ஒடச்சு வாசல் வப்பேன்!" என்று கத்தினார்.

"ஒடைங்க," என்றார் சிந்தாமணி, காம்பிலிருந்து கையை எடுக்காமல். "ஆபீசுல வேணாம்னு எழுதியிருக்காங்க. அப்படியே ஒடச்சாலும் வெளிய காலு வைக்கிற எடம் எங் கடலைக் கொல்லை."

முதலில் அந்தப் பெரியவர்தான் சிரித்தார். பிறகு லாரி டிரைவர் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

முத்துக்கருப்பன் புதுக்கோட்டைக்கு வக்கீலைப் பார்க்கப் போனார். வழிப்பாத்தியம் தாராளமாக உண்டு, கேஸ் போட்டால் நிச்சயம் ஜெயிக்கலாம் என்று வக்கீல் சந்தோஷமாகச் சொன்னாராம். எப்போது என்று மட்டும் சொல்லவில்லையாம். ஜெயித்தாலும் ஆள் நடக்கத்தான் வழி கிடைக்கும், தூணைக் கழற்றி ஏற்ற இல்லை. மோட்டு விட்டம் வேறு இரண்டு பங்குக்கும் மேலே ஒன்றாக ஓடுகிறது. ஒரு பாதியில் கை வைத்தால் மறு பாதி இறங்கும். சில மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசியில் வழிக்கு வந்தார். தார் ரோட்டு ஓரமாகக் கொல்லையில் ஒரு துண்டைச் சிந்தாமணி கொடுத்தார், வீட்டுப் பாதியை முத்துக்கருப்பன் எழுதிக் கொடுத்தார். மண்டபம் ரோட்டோரம்தான் கட்டினார். நன்றாகவே ஓடுகிறது. சிந்தாமணியின் இரண்டு பெண்களுக்கும் அங்கேதான் கல்யாணம் நடந்தது, சித்தப்பா முத்துக்கருப்பன் வாடகை வாங்கவில்லை.

நான் அதை அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். ஒரு கிறுக்கு அதிகாரியின் கிறுக்கு ஒரு பாவப்பட்ட பொம்பளையைக் காப்பாற்றிவிட்டது என்று பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வேல்ஸ் சார் ரிடையர் ஆன அன்று, விழாவில் வழக்கம்போல் படம் காட்டி முடித்ததும், பக்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன். "உங்க தீவன நடைதான் சார் அந்தம்மா வீட்டக் காப்பாத்துச்சு."

முழுசாகக் கேட்டார். வெந்நீரை ஒரு வாய் குடித்தார்.

"வேல்ஸ்ல நடையோட ரெண்டு முனையிலயும் வாசல் இருக்கும்," என்றார். "அங்க இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

இனி போன மாதத்துக்கு வருகிறேன். இன்ஜினியர்களை அழைத்து வந்தது சிந்தாமணியின் மூத்த மருமகன். விராலிமலையில் ஹைவே ஓரம் ஹோட்டல் வைத்திருக்கிறார். மாமியார் வீட்டைப் பாரம்பரிய விடுதியாக மாற்றி, வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கலாம் என்று அவருக்கு யோசனை. வேல்ஸிலிருந்துகூட வரக்கூடும். "அத்தையச் சின்னவ வீட்டுல விட்டுரலாம் சார், அவங்களுக்கும் வயசாகுது" என்று என்னிடம் அன்போடு சொன்னார். எனக்கு அந்தப் பழைய மனு ஞாபகம் வந்தது.

மாடு இல்லாத வீட்டைத் திரையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார்கள் பையன்கள். கட்டுத்தறி இருந்த இடத்தில் "டைனிங்" என்று எழுதியிருந்தது. சிந்தாமணி வந்து எட்டிப் பார்த்தார். தலை நரைத்துவிட்டது, கையில் அதே மாதிரி ஒரு வாளி. மாடு எங்கே என்று அவர் கேட்கப்போகிறார், நான் பையன்களைக் கேலி செய்யலாம் என்று தயாராக இருந்தேன். மாட்டை அவர் கேட்கவே இல்லை. விரலை நடையின் மேல் வைத்தார்.

"இத எந்தப் பக்கம் சேத்து எழுதியிருக்கீங்க தம்பி?"

 பாகத்துக்கு முன்னால் என்னிடம் கேட்ட அதே கேள்வி. இத்தனை வருஷமாக நான் அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரித்தது என் காதிலேயே ஒலித்தது.

"அது ஃபோயர் ஆன்ட்டி, உள்ள நுழையுற ஹால். லிவிங் ரூமோட சேத்துட்டோம்."

சிந்தாமணி திரும்பி, கொல்லையில் போனில் பேசிக்கொண்டிருந்த மூத்த மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பையன் பக்கம் குனிந்தார்.

"மாட்டுப் பக்கம் மாத்திருங்க தம்பி," என்றார். "நாளைக்குப் பாகம்னு பேச்சு வரும், எனக்கு மருமகனுங்க ரெண்டு பேரு இருக்காங்க."